நன்மை செய்வதற்காகவே பதவிக்கு வர விரும்புகிறவன், அதற்காக ஒருவரை வீழ்த்தலாமா?

கேள்வி கேட்டவர்: குடியாத்தத்துப் பால்காரன்

அனைவருக்கும் வணக்கம். குடியாத்தத்துக்கு அருகிலுள்ள ஒரு சிற்றூரில் நான்கு கறவை மாடுகளை வைத்துப் பிழைப்பு நடத்துகிறேன். எங்கள் ஊர்ப் பால் உற்பத்தியாளர் சங்கத்தின் நிர்வாகக் குழுவில் நானும் ஓர் உறுப்பினன். பாலின் கொழுப்பையும் இதரச் சத்தையும் அளந்து அதற்கேற்ப விலை கொடுக்க வேண்டும் என்பதே முறை. ஆனால் எங்கள் சங்கத்தில் அளவுக் கருவி பழுதாகிவிட்டது என்று சொல்லிப் பல ஆண்டுகளாக எல்லோருக்கும் ஒரே விலையைத்தான் போடுகிறார்கள். தண்ணீர் கலந்து ஊற்றுபவனுக்கும் கலக்காமல் ஊற்றுபவனுக்கும் ஒரே கூலி. இதை மாற்ற வேண்டுமானால் நான் தலைவராக வேண்டும், அதற்கு வேறு வழி இல்லை.

இப்போதைய தலைவருக்கு எழுபது வயது கடந்துவிட்டது. எனக்கு அவர் பெரியப்பா முறை. என் தந்தை இறந்தபோது முதல் மாடு வாங்குவதற்கான கடனுக்கு அவர்தான் பிணை நின்றார். கெட்டவர் என்று அவரைச் சொல்ல மாட்டேன். யாரையும் பகைத்துக்கொள்ள விரும்பாதவர், அவ்வளவுதான். சில ஆண்டுகளுக்கு முன் பெரியம்மாவின் அறுவைச் சிகிச்சைக்காகச் சங்கத்தின் கையிருப்பிலிருந்து 45,000 ரூபாயை எடுத்து, ஏழு வாரத்துக்குள், தணிக்கைக்கு வருவதற்கு முன்பாகவே, அப்படியே திரும்ப வைத்திருக்கிறார். அது குறிக்கப்பட்ட சிட்டா நோட்டின் ஒரு பக்கத்தை, வேலையிலிருந்து நின்றுவிட்ட பணியாளர் ஒருவர் நகலெடுத்து என்னிடம் கொடுத்தார்.

வேட்புமனுத் தாக்கல் செய்யும் நாளில் அந்தத் தாளை அலுவலகத்தில் புகாராகக் கொடுத்துவிட்டு, ஊர் வாட்ஸ்அப் குழுவிலும் போட்டுவிட வேண்டும் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். அவர் போட்டியிலிருந்து தானாகவே விலகிவிடுவார், பதவிக்கு வந்தபின் ஊருக்கு நல்லது செய்து அந்தப் பாவத்தைக் கழித்துக்கொள்ளலாம் என்பது அவர்களுடைய கணக்கு. பெரியம்மா இறந்து இன்னும் ஓராண்டுகூட ஆகவில்லை. நான் ஆசைப்படுவது பதவிக்கா, ஊரின் நன்மைக்கா என்பதே சில இரவுகளில் எனக்குத் தெளிவாகத் தெரிவதில்லை. இத்தகைய விலையைக் கொடுத்துப் பெறும் அதிகாரத்தால் பயன் உண்டா என்று உங்களைக் கேட்கிறேன்.


மறுமொழி: காட்பாடி சந்திப்பு

நீங்கள் தேவைக்கு மேல் குழப்பிக்கொள்கிறீர்கள். பொதுப் பணத்தை எடுத்தது தவறு. திருப்பி வைத்தாலும் அது தவறுதான். அவர் உங்களுக்குப் பிணை நின்றது அவருடைய சொந்த நல்ல குணம், சங்கத்தின் பணம் இருநூறு குடும்பங்களின் உழைப்பு. இரண்டையும் ஒரே தராசில் வைத்தால் ஊரில் ஒருவரையும் எந்தக் கேள்வியும் கேட்க முடியாது. புகாரைக் கொடுங்கள்.


மறுமொழி: கோட்டைவெளி ஆசிரியர்

முப்பது ஆண்டுகள் வேலூரில் வரலாறு கற்பித்துவிட்டு ஓய்வு பெற்றவன் நான். மாலையில் கோட்டை அகழியைச் சுற்றி நடக்கும்போதெல்லாம் நினைவுக்கு வரும் ஒருவரைப் பற்றி, உங்கள் கேள்விக்கு விடையாக அல்லாமல், அதன் அருகில் வைத்துப் பார்ப்பதற்காக எழுதுகிறேன்.

1740இல் தாமல்செருவு கணவாயில் மராட்டியரோடு நடந்த போரில் ஆற்காட்டு நவாப் தோஸ்த் அலி கொல்லப்பட்டபின், அவருடைய மகன் சப்தர் அலி நவாபானார். மராட்டியருக்குப் பெருந்தொகை தருவதாக ஒப்புக்கொண்டிருந்த அவர், கோட்டைகளை வைத்திருந்த தம் உறவினர்களிடமெல்லாம் பணம் கேட்டார். அப்போது வேலூர்க் கோட்டையை வைத்திருந்தவர் முர்தசா அலி. சப்தர் அலியின் உடன்பிறந்தாளை மணந்தவர், பெரும் செல்வர், கையை இறுக்கிப் பிடிப்பவர். 1742இல் நவாப் வேலூருக்கு வந்து தங்கியிருந்தபோது, மைத்துனரின் விருந்தோம்பலில் முதலில் உணவில் நஞ்சு வந்தது. அதில் அவர் பிழைத்துக்கொண்டார். பிறகு இரவில் ஆட்கள் வந்தார்கள். அதில் அவர் பிழைக்கவில்லை.

நான் சொல்ல விரும்புவது இதற்குப் பின் நடந்ததைத்தான். கொலைச் செய்தி பரவியதும், கோட்டைக்கு வெளியே முகாமிட்டிருந்த நவாபின் படை கொதித்தெழுந்தது. அந்தக் கொதிப்பை முர்தசா அலி அடக்கியது நியாயம் பேசி அல்ல, நிலுவைச் சம்பளத்தைத் தந்துவிடுவதாக வாக்குக் கொடுத்துத்தான். அந்த வாக்கின் மீது ஏறி அவர் ஆற்காட்டுக்குள் நுழைந்து தம்மை நவாப் என்று அறிவித்துக்கொண்டார். சில வாரங்களிலேயே படை தன் நிலுவையைக் கேட்டது. அவரை நம்பி அருகில் நிற்க ஒருவரும் இல்லை. தம் வீட்டுக்கு விருந்தாக வந்த மைத்துனரையே கொன்றவரோடு உடன்படிக்கை செய்துகொள்ள யார்தான் துணிவார்கள்? முடிவில் பெண்ணுடை அணிந்து, மூடு பல்லக்கில் ஏறி, இரவோடு இரவாக வேலூருக்குத் தப்பி வந்தார். கொலை செய்து அடைந்த அரியணையில் ஓராண்டுகூட அவரால் உட்கார முடியவில்லை.

தண்டனை என்று ஒன்று பிற்பாடு எங்கிருந்தோ வந்ததாக எனக்குத் தோன்றவில்லை. அவர் கையில் கிடைத்த பொருளே சப்தர் அலியிடமிருந்த பொருள் அல்ல. சப்தர் அலியிடம் இருந்தது எத்தனை கடன்பட்டதாயினும் ஒரு நவாபின் பதவி. முர்தசா அலிக்குக் கிடைத்தது கூலிப்படைக்குத் தர வேண்டிய பாக்கி மட்டுமே. உங்கள் தலைவர் நாற்காலியும் அந்தத் தாளின் வழியாக வந்தால் அதே நாற்காலியாக இருக்குமா என்று எண்ணிப் பாருங்கள். நண்பர்கள் என்று நீங்கள் சொல்பவர்கள்தாம் உங்கள் முதல் கடன்காரர்கள்.

(இதே கோட்டையில் 1614இல் ஜக்கராயன் தன் ஆள் அரியணை ஏற வேண்டும் என்பதற்காக விஜயநகர அரசர் ஸ்ரீரங்கரையும் அவருடைய குடும்பத்தையும் அழித்த கதை இதைவிடக் கொடியது. அதைத் தொடங்கினால் இரவு முடிந்துவிடும்.)


மறுமொழி: ஆற்காட்டு வாசல்

ஆசிரியர் ஐயா சொன்னதில் ஒரு பாதியை மட்டும் சொல்லியிருக்கிறார் என்று பணிவோடு குறிப்பிட விரும்புகிறேன். ஆற்காட்டிலிருந்து ஓடிவந்த முர்தசா அலி அதன்பின் என்ன ஆனார்? தம் செல்வத்தோடும் கோட்டையோடும் வேலூரிலேயே பல ஆண்டுகள் வாழ்ந்தார். கொல்லப்பட்ட சப்தர் அலியின் சிறு மகன் 1744இல் ஆற்காட்டில் ஒரு திருமண வீட்டில் பட்டாணியர்களால் குத்திக் கொல்லப்பட்டபோதும் முர்தசா அலி அங்கே இருந்தார். அன்றே வேலூருக்கு விரைந்து திரும்பினார். சந்தேகம் அவர்மீதும், அந்தச் சிறுவனுக்குக் காவலராக இருந்த அன்வருதீன்மீதும் விழுந்தது. அந்த இருவருக்கும் தண்டனை இல்லை. அரசன் அன்று கொல்வான், தெய்வம் நின்று கொல்லும் என்பார்கள். இவர் விஷயத்தில் தெய்வம் நெடுநேரம் நின்றுகொண்டே இருந்திருக்கிறது.

எங்கள் ஊரில் டெல்லி வாசல் என்று ஒன்று மிஞ்சியிருக்கிறது. 1751இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் படையதிகாரி கிளைவ் ஆற்காட்டுக் கோட்டைக்குள் இருந்து ஐம்பது நாள் முற்றுகையைத் தாங்கிய கதையை எங்களுக்குச் சிறுவயதில் வீரக் கதையாகச் சொன்னார்கள். அதே கிளைவ் ஆறே ஆண்டுகளில் வங்காளத்தில் உமிச்சந்த் என்ற வணிகரை ஏமாற்ற இரண்டு ஒப்பந்தங்களை எழுதி, பொய்யான ஒப்பந்தத்தில் வாட்சன் என்ற கடற்படைத் தலைவரின் கையெழுத்தையும் போட வைத்தவர். பிற்பாடு நாடாளுமன்றத்தில் இதைப் பற்றிக் கேட்டபோது அவர் வெட்கப்படவே இல்லை. பிரபுப் பட்டமும் பெருஞ்செல்வமும் அவரைவிட்டுப் போகவில்லை. 1774இல் அவர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டதை எடுத்துச் சொல்லி அறத்தை நிலைநாட்டிவிடலாம் என்று சிலர் நினைப்பார்கள். ஆனால் அவர் நெடுநாள் நோயாளி, அபினுக்குப் பழகியவர், ஆகவே அந்த முடிவை உமிச்சந்தின் கணக்கில் வரவு வைப்பது நியாயமாகாது.

ஆகவே தீய வழியில் வந்த அதிகாரம் நிலைக்காது என்று இந்தத் தம்பியிடம் சொல்லாதீர்கள். பல நேரங்களில் அது நன்றாகவே நிலைக்கும். நிலைக்கும் என்று தெரிந்த பிறகும் அதைச் செய்யக்கூடாது என்று சொல்ல முடியுமானால் மட்டும் சொல்லுங்கள்.


மறுமொழி: கோட்டைவெளி ஆசிரியர்

நியாயமான மறுப்பு, ஏற்றுக்கொள்கிறேன். நிலைக்காது என்று நான் பொதுவாகச் சொல்லியிருந்தால் அது பிழைதான்.

ஆனால் நீங்கள் சொல்லாமல் விட்ட ஒருவரையும் சேர்த்துப் பார்க்கலாம். 1749இல் ஆம்பூர்ப் போரில், அப்போது நவாபாக இருந்த அன்வருதீன் இறந்தபின், அவர் மகன் முகமது அலி ஆங்கிலேயரின் துப்பாக்கிகளை நம்பி நவாப் பட்டத்துக்குப் போராடினார். எதிராளி சந்தா சாகிப் 1752இல் தஞ்சைப் படைத்தலைவரிடம், உயிருக்குத் தீங்கு வராது என்ற வாக்கின்மேல் சரணடைந்து, தலை வெட்டப்பட்டார். முகமது அலி 1795 வரை உயிரோடும் பட்டத்தோடும் இருந்தார். நீங்கள் சொல்வதுபோல் நிலைத்தார். அந்த நாற்பது ஆண்டுகளும் அவர் செய்தது என்ன? கம்பெனிக்கும் கம்பெனி ஊழியர்களுக்கும் வட்டி கட்டினார். ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன் வாங்கினார். கடன்கொடுத்தவர்களுக்கு ஊர் ஊராக வரி வசூலை எழுதிக்கொடுத்தார். அந்த வரியைச் செலுத்தியவர்கள் நம் வட ஆற்காட்டு உழவர்கள். 1801இல் அவர் மகன் இறந்ததும் கம்பெனி ஆட்சியையே எடுத்துக்கொண்டது.

நிலைத்தாரா என்றால் நிலைத்தார். ஆண்டாரா என்பதுதான் எனக்கு ஐயம்.


மறுமொழி: பாலாற்றங்கரை

வரலாறு ஓடுவதால் நானும் ஒரு சொல் சேர்க்கிறேன். பாலாற்றங்கரையில் முத்துமண்டபம் இருக்கிறது. கண்டியின் கடைசி அரசர் விக்கிரமராஜசிங்கரின் கல்லறை அங்கேதான். நாயக்கர் வழியில் வந்த கண்ணுசாமி என்ற பதினெட்டு வயது இளைஞரை, கைப்பாவையாக வைத்துக்கொள்ளலாம் என்று எண்ணி, 1798இல் அரியணையில் ஏற்றியவர் பிலிமத்தலாவை என்ற முதலமைச்சர். பாவை ஆட மறுத்தது. முதலமைச்சரின் தலை போனது. அடுத்து வந்த எகலப்பொலை ஆங்கிலேயரிடம் ஓடினார். அரசர் 1814இல் அவருடைய மனைவியையும் பிள்ளைகளையும் கொல்வித்தார். அந்தக் கொடுமையே அரசருக்கு எதிராக மக்களைத் திருப்பியது. மறு ஆண்டு ஆங்கிலேயர் கண்டியைப் பிடித்து அரசரை வேலூர்க் கோட்டைக்குக் கொண்டுவந்து அடைத்தார்கள். 1832இல் இங்கேயே இறந்தார். அரியணை தமக்குக் கிடைக்கும் என்று காத்திருந்த எகலப்பொலையை அதே ஆங்கிலேயர் மொரிசியசுக்கு நாடு கடத்தினார்கள்.

மூவரும் ஒருவரையொருவர் வீழ்த்தத் தெரிந்தவர்கள். ஆட்டத்தின் பலன் ஆட்டத்தில் இல்லாத நான்காமவருக்குப் போனது. உங்கள் ஊரில் அந்த நான்காமவர் யார் என்று மட்டும் யோசித்துப் பாருங்கள். ஒருவேளை தண்ணீர் கலந்து ஊற்றும் அன்பர்களாகவே இருக்கலாம்.


மறுமொழி: முன்னாள் தலைவி

நவாபுகளைப் பற்றி எனக்குத் தெரியாது. நான் செய்ததைச் சொல்கிறேன். ஊரையும் அமைப்பையும் குறிப்பிட மாட்டேன்.

மகளிர் குழுக்களின் கூட்டமைப்பு ஒன்றுக்கு ஆறு ஆண்டுகள் தலைவியாக இருந்தேன். எனக்கு முன்பிருந்த அக்காவை வீழ்த்தித்தான் வந்தேன். அவர் கடன் பட்டியலில் தம் தங்கையின் குழுவை முன்னால் வைத்தார் என்பது உண்மை. அதற்காகப் பணம் வாங்கினார் என்பது பொய். உண்மையை மட்டும் சொல்லியிருந்தால் கூட்டத்தில் ஒரு மணி நேரம் சண்டை நடந்து முடிந்திருக்கும், அவரே தலைவியாகத் தொடர்ந்திருப்பார். பொய்யைச் சேர்த்ததால் நான் வந்தேன். அதை வீடு வீடாகக் கொண்டுபோனவர்கள் இரண்டு பெண்கள். நான் என் வாயால் ஒரு முறையும் சொல்லவில்லை. அந்தத் திறமையை அப்போது நான் பெருமையாகவே நினைத்தேன் என்பதையும் மறைக்க விரும்பவில்லை.

பதவிக்கு வந்து நல்ல வேலை செய்தேன். நிலுவையில் கிடந்த வங்கிக் கடன்களைச் சரிசெய்தோம். புதிதாகப் பல குழுக்களுக்குக் கடன் கிடைத்தது. ஆடு வாங்கியவர்கள், தையல் இயந்திரம் வாங்கியவர்கள் இன்றும் தெருவில் என்னைப் பார்த்தால் நின்று பேசுகிறார்கள். ஆகவே நான் செய்ததை அழித்துவிடலாம் என்று ஒரு வரம் கிடைத்தால் கேட்பேனா என்று யாராவது கேட்டால், எனக்கு உடனே பதில் வராது.

ஆனால் அந்த இரண்டு பெண்களும் முதல் ஆண்டிலேயே கடன் பட்டியலில் முன்னிடம் கேட்டார்கள். கொடுத்தேன். எந்தக் குற்றத்துக்காக அந்த அக்காவை இறக்கினேனோ, அதையே, என் கையெழுத்தைப் போட்டு, நான் செய்தேன். இரண்டாவது முறையும் கொடுத்தேன். மூன்றாவது முறை மறுத்தபோது, நான் எப்படி வந்தேன் என்ற கதை அதே வீடுகளுக்கு அதே கால்களால் நடந்து போனது.

இன்னொன்றும் உண்டு, அதைச் சொல்வது கடினம். அந்த ஆறு ஆண்டுகளில் என்னிடம் யார் எதைப் பற்றி மெதுவான குரலில் சொன்னாலும், என்னைப் பற்றி இதே குரலில் வேறு எங்கோ பேசுகிறார்கள் என்றுதான் எனக்குத் தோன்றும். நல்லவர்களையும் அப்படித்தான் பார்த்தேன். என்னைவிட நன்றாகக் கணக்கு எழுதத் தெரிந்த ஓர் இளம்பெண்ணைச் செயலாளராக வர விடாமல் தடுத்தது அந்தப் பயத்தினால்தான். அவள் என் மகள் வயது.

தம்பி, உங்களை ஒன்று கேட்கிறேன். மேலே காட்பாடிக்காரர் சொன்னது சரி. தவறு என்றால் தவறுதான். அப்படியானால் அந்தத் தாள் உங்கள் கையில் எத்தனை நாளாக இருக்கிறது? கிடைத்த வாரமே நிர்வாகக் குழுவில் வைத்து, இது என்ன பெரியப்பா என்று கேட்டிருந்தால் அது சங்கத்துக்காகச் செய்தது. வேட்புமனு நாளுக்காக மடித்து வைத்திருந்தால் அது வேறு.


மறுமொழி: குடியாத்தத்துப் பால்காரன்

இரண்டு நாட்களாகப் பதில் எழுத முடியவில்லை, மன்னிக்கவும். அம்மா கேட்ட கேள்விக்கு விடை: ஐந்து மாதங்களாக இருக்கிறது. அந்த ஐந்து மாதங்களில் இரண்டு குழுக் கூட்டங்கள் நடந்தன. இரண்டிலும் அவருக்கு இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்து, வரவு செலவைப் படிக்கக் கேட்டு, கையெழுத்துப் போட்டுவிட்டு, அவர் வாங்கிக் கொடுத்த தேநீரையும் குடித்துவிட்டு வந்தேன். அளவுக் கருவியைப் பற்றிக்கூட அந்தக் கூட்டங்களில் நான் வாய் திறக்கவில்லை என்பது இதை எழுதும்போதுதான் உறைக்கிறது. தலைவரான பின் செய்துகொள்ளலாம் என்று இருந்துவிட்டேன்.


மறுமொழி: காட்பாடி சந்திப்பு

இது எனக்கும் தோன்றவில்லை. என் முந்தைய பதிலை அழிக்க மாட்டேன். ஆனால் புகாரைக் கொடுப்பதற்கு முன், தெரிந்தும் ஐந்து மாதம் ஏன் பேசவில்லை என்று அதிகாரி உங்களைக் கேட்டால் என்ன சொல்வீர்கள் என்பதை முடிவு செய்துகொள்ளுங்கள். கருவியைச் சரிசெய்யும் தீர்மானத்தைக் கொண்டுவர நீங்கள் தலைவராக இருக்க வேண்டிய தேவையே இல்லை. குழு உறுப்பினராகவே எழுத்தில் கேட்டு, கூட்டத்தில் வைக்கச் சொல்லலாம்.


மறுமொழி: குடியாத்தத்துப் பால்காரன்

தீர்மானத்தை எழுதிவிட்டேன். நாளை மாலை பால் ஊற்றிய பிறகு பெரியப்பா வீட்டுக்குப் போய், தீர்மானத்தையும் அந்தத் தாளையும் அவர் முன்னால் வைக்கப் போகிறேன். தேர்தலில் நிற்பேன் என்பதையும் சொல்லிவிடுவேன். தோற்றால் தோற்கிறேன் என்று சொல்லும் அளவுக்கு மனம் இன்னும் பக்குவப்படவில்லை. நண்பர்கள் இன்று காலையே பேசுவதை நிறுத்திவிட்டார்கள்.


மறுமொழி: காட்பாடி சந்திப்பு

போகும்போது மூலத்தை வீட்டில் பத்திரமாக வைத்துவிட்டு நகலை மட்டும் எடுத்துச் செல்லுங்கள். மனிதர்களை நம்பலாம், தாளை நம்பிக் கொடுக்கக் கூடாது.


மறுமொழி: குடியாத்தத்துப் பால்காரன்

என்னிடம் இருப்பதே நகல்தான், ஐயா. மூலம் சங்கத்தின் இரும்புப் பெட்டியில் இருக்கிறது. 'தலைவர் கைமாற்று' என்று பெரியப்பாவே தம் கையால் எழுதி, திருப்பி வைத்த நாளையும் அதன் கீழே குறித்திருக்கிறார். பெட்டியின் சாவி இத்தனை ஆண்டுகளும் அவரிடம்தான் இருந்தது. அந்தப் பக்கத்தை அவர் கிழிக்கவில்லை.